வால்வை மூடும் அதிகாரம் யாருக்கு?

வாணிடெக், ராணிடெக், ஆம்பூர்டெக், விஷ்டெக். வெளியூர் வாசகர்களுக்கு இப்பெயர்கள் பழக்கமில்லாதவையாக இருக்கலாம். வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் குழாய் வழியே ஓரிடத்தில் சேர்த்துச் சுத்திகரிக்க உருவாக்கப்பட்ட நிறுவனங்கள் இவை. பங்குதாரர்கள் ஆலை உரிமையாளர்கள். முதலீட்டில் கணிசமான பங்கு அரசு மானியம். மேற்பார்வை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது. தனியார் நிறுவனம் என்று சொல்லிவிடவும் முடியாது, அரசு நிறுவனம் என்று சொல்லிவிடவும் முடியாது. அரசுப் பணத்தைப் பெற்று, அரசு விதித்த ஒரு கடமையை நிறைவேற்ற ஒப்புக்கொண்டவை என்பதே சரியான விளக்கம்.

இத்தகைய ஒவ்வொரு நிறுவனத்திலும் அன்றாட இயக்கத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்கிறார். பொது மேலாளர், செயல் இயக்குநர், செயல்பாட்டுத் தலைவர் என்று இடத்துக்கு இடம் பதவியின் பெயர் மாறும். எந்த ஆலையின் நீரை ஏற்பது, எந்தத் தொட்டியில் எவ்வளவு கசடு நிற்கலாம், யார் எந்தக் குழிக்குள் இறங்கலாம் என்பதெல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியவை. பாலாற்றைப் பற்றி இந்த வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இந்த ஒருவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம், யார் நியமிக்கிறார்கள், யார் நீக்கலாம் என்பது பற்றி மட்டும் பேச்சு எழுவதேயில்லை. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இந்நிலையங்களின் பின்னணியைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும், தோல் ஆலைகள் நிறைந்த பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் ரூ.10,000 அபராதம் விதித்ததுடன், நவம்பர் 30-க்குள் தனி நிலையமோ பொது நிலையமோ அமைத்து வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என்றும் ஆணையிட்டது. சில பொது நிலையங்கள் அதற்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தன. தீர்ப்புக்குப் பிறகு அவை ஆலைகளுக்கு வாழ்வா சாவா என்னும் பிரச்னை ஆயின.

நிலையங்களைக் கட்டுவது பற்றி நீதிமன்றமும் அரசும் வங்கிகளும் ஆலை உரிமையாளர்களும் நிறையப் பேசினர். பணத்துக்கும் வழி பிறந்தது. 1991-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் மத்திய அரசு கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் கொடுத்தன. எஞ்சியது கடனும் உரிமையாளர்களின் பங்கும். பின்னர் வந்த இந்தியக் காலணி மற்றும் தோல் மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2026 வரையிலான காலத்துக்கு ரூ.1,700 கோடி ஒதுக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திட்டச் செலவில் 70 சதவீதம் வரை உதவி பெறவும் அதில் இடமிருந்தது. நூறு ரூபாயில் எழுபது ரூபாய் வரி செலுத்துவோரிடமிருந்து வரக்கூடிய ஓர் அமைப்பின் தலைமைப் பொறுப்பாளரை, எஞ்சிய முப்பது ரூபாய்க்காரர்கள் தங்களுக்குள் கூடித் தேர்ந்தெடுப்பது சரியா என்ற கேள்வி எங்கும் எழவில்லை.

2015 ஜனவரி 31-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு வெள்ளமாகப் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். வழக்குப் பதிவாயிற்று, கைதுகள் நடந்தன, வாரிய அதிகாரிகள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. தொட்டியைக் கட்ட உரிய அனுமதி இருந்ததா, சுவரின் வலிமையைச் சோதித்தது யார் என்றெல்லாம் அப்போது கேட்கப்பட்டது. அந்தத் தொட்டியில் இனி ஒரு வாளிக் கசடுகூட ஊற்றக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் அந்த வளாகத்தில் எவருக்கு இருந்தது என்பதும் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர, அந்தப் பதவியின் வேலை என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

பதனிடும் ஆலையின் கழிவுநீர் ஒரே தன்மையுடையதன்று. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்த நீரில் உப்பு மிகுந்திருக்கும். மயிர் நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேரும். பதனிடும் கட்டத்தில் குரோமிய உப்பு வரும். குரோமிய நீரைத் தனியே பிரித்து, ஆலையிலேயே குரோமியத்தை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்குச் செலவாகும், ஆளும் வேண்டும். ஓர் ஆலை அந்தச் செலவைத் தவிர்க்க எண்ணிப் பொதுக் குழாயில் அதைத் திறந்துவிட்டால், நிலையத்தின் கசடு முழுவதும் நச்சுக் கசடாகிவிடும். அடுத்து, காரத்தன்மை மிகுந்த சல்பைடு நீருடன் அமிலநீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அது குழியின் அடியில் தங்கும். அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம் என்பார்கள். செறிவு கூடினால் மோப்ப உணர்வே மழுங்கிவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மீள்வதில்லை. கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் பலவற்றில் இருவர், மூவர் என்று சேர்ந்து இறப்பதற்கு இதுவே காரணம்.

இவற்றோடு, ஒரு சொட்டு நீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையும் தமிழகத்தில் சேர்ந்துகொண்டது. சுத்திகரித்த நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்து ஆலைகளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். எஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாக்கும் இயந்திரம் எரிபொருளையும் மின்சாரத்தையும் விழுங்குவது. அது ஒரு வாரம் பழுதானால் உப்புநீர் தேங்கும். கசடை ஏற்றிச் செல்லும் ஏற்பாடு ஒரு மாதம் தடைப்பட்டால் கசடு தேங்கும். தேக்கத்துக்கு இரண்டே நேர்மையான தீர்வுகள்: ஆலைகளிலிருந்து வரும் வரத்தைக் குறைப்பது, அல்லது நிறுத்துவது. மற்றவை அனைத்தும் குறுக்கு வழிகள். இன்னொரு தொட்டியைக் கட்டிக்கொள்ளலாம். இருக்கும் தொட்டியில் இன்னும் ஓரடி ஏற்றலாம். மழைக்காகக் காத்திருந்து, பாலாற்றில் வெள்ளம் வரும் இரவில் திறந்துவிடலாம். வெள்ளக் காலங்களில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ஆறு நுரை பொங்கி ஓடும் படங்கள் நாளிதழ்களில் வருவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆகவே, செயல்பாட்டுத் தலைவரின் வேலையில் பாதி, வேதியியலும் இயந்திரப் பராமரிப்பும். மறுபாதி, 'முடியாது' என்று சொல்வது. யாரிடம் சொல்ல வேண்டும்? தமக்குச் சம்பளம் கொடுப்பவர்களிடம். அவருடைய வாடிக்கையாளர்களும் முதலாளிகளும் ஒரே ஆள்கள். காலையில் எந்த ஆலையின் இணைப்பை அடைக்க வேண்டுமோ, அந்த ஆலையின் உரிமையாளர் மாலையில் இயக்குநர் குழுவில் அவருடைய ஊதிய உயர்வை முடிவு செய்கிறார். உள்ளூர்க்காரராக இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடுதல். அடுத்த முகூர்த்தத்தில் அதே திருமண மண்டபத்தில் அதே மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டும்.

அரசுத் துறையொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், இத்தகைய நிறுவனமொன்றின் தேர்வுக் குழுவில் வெளி உறுப்பினராக அமரும் வாய்ப்பு எனக்கு வாய்த்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. விளம்பரத்தில் பொறியியல் பட்டமும் பதினைந்து ஆண்டு அனுபவமும் கேட்டிருந்தார்கள். அவற்றுக்கும் மேலாக, 'அரசுத் துறைகளுடன் இணக்கமாகப் பணியாற்றும் திறன்' என்றொரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. வந்திருந்த ஐவரில் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டிய வேதிப் பொறியாளர். சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையமொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவர். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தபின், தாம் ஒன்று கேட்கலாமா என்றார்.

"ஐயா, ஓர் ஆலையின் நீர் ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், அன்றைக்கே அந்த இணைப்பை மூட எனக்கு அதிகாரம் உண்டா?"

தலைவர் சிரித்தார். "அதெல்லாம் போர்டுல பேசி முடிவு பண்ணிக்கலாம், தம்பி."

"போர்டு எப்ப கூடும் ஐயா?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை."

அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். என் மதிப்பெண் தாளில் அவருக்கே முதலிடம். தேர்வானவர், அதிகாரிகளிடம் நல்ல பழக்கமுள்ள ஓய்வு பெற்ற ஒருவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விளம்பரம் கேட்ட தகுதி அவரிடம் நிறையவே இருந்தது. கழிவுநீர்த் துறையில் ஒருவரை நேர்காண்பதற்குத் தகுதியான கேள்வி அன்று ஒன்றே ஒன்றுதான் எழுந்தது. அதுவும் நாற்காலியின் மறுபக்கத்திலிருந்து எழுந்தது.

சட்டம் இவரை எவ்வாறு பார்க்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 47-ஆவது பிரிவில், நிறுவனம் குற்றம் இழைத்தால் அச்சமயத்தில் அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்ற அளவு முயன்றதாகவோ அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதாவது, வால்வை மூடும் அதிகாரம் எழுத்தில் இல்லாதவருக்கு, மூடாததற்கான பொறுப்பு மட்டும் சட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட நாற்காலியில் திறமைசாலிகள் அமர மறுப்பதில் வியப்பில்லை. அமர்பவர்கள் பொறியியலைவிடத் தற்காப்பையே முதலில் கற்கிறார்கள்.

நிலக்கரிச் சுரங்கத்தின் மேலாளராக எவரையும் உரிமையாளர் விருப்பப்படி நியமித்துவிட முடியாது. அதற்கெனத் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கொதிகலனை இயக்கவும் சான்றிதழ் வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் கழிவுநீர் நிலையத்தைப் பொறுப்பேற்று இயக்குபவர் அரசின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். நிலையத்தின் அளவுக்கேற்ப உரிமத்தின் தரமும் கூடும். உரிமம் பறிபோனால் அந்தத் தொழிலே போய்விடும் என்பதால், முதலாளியிடம் 'என் உரிமம் போய்விடும்' என்று சொல்லித் தப்பவாவது ஒரு வழி அவருக்கு இருக்கிறது. நச்சு வாயுவும் குரோமியமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கிணற்று நீரும் சம்பந்தப்பட்ட நம் பொது நிலையங்களின் தலைவருக்கு அத்தகைய கவசம் எதுவும் இல்லை.

அப்படியானால் நிலையங்களை அரசே நடத்தட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதியில் அது செய்து பார்க்கப்பட்டது. நெதர்லாந்தின் உதவியுடன் 1994-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையம் நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கக் கட்டப்பட்டது. அதில் 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைக் கழிவு, எஞ்சியது நகரத்துச் சாக்கடை. மாநில ஜல் நிகம்தான் அதை நடத்தியது. கங்கை தூய்மையடைந்துவிடவில்லை. இடமாற்றத்துக்குக் காத்திருக்கும் அதிகாரி ஒருவர், பழுதான இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கத் தலைநகரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது வேறு வகையான அதிகாரமின்மை. செல்வமும் சட்டமும் மிகுந்த இத்தாலியில், உலகின் பெயர்பெற்ற தோல் வட்டாரங்களுள் ஒன்றான சாண்டா குரோச்சேயில், கழிவுநீர்க் கசடை எரித்த சாம்பல் சாலைப் பணிகளுக்குள் போய்ச் சேர்ந்தது குறித்து 2021-இல் பெரும் விசாரணை வெடித்தது. உரிமை யாருடையது என்பதை மாற்றுவதால் மட்டும் இந்தப் பிரச்னை தீராது. தலைவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை மாற்ற வேண்டும்.

என் யோசனை எளியது. ஆலை உரிமையாளர்களே நிறுவனத்தை நடத்தட்டும், கட்டணத்தை முடிவு செய்யட்டும், கணக்குப் பார்க்கட்டும். செயல்பாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மட்டும் அவர்கள் சிறுபான்மையாக இருக்கட்டும். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னையில் இருக்கிறது. தோலையும் அதன் கழிவையும் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து ஒருவர், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திலிருந்து ஒருவர், வாரியத்திலிருந்து ஒருவர், குழாய்க்குக் கீழ்த்திசையில் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளின் பிரதிநிதி ஒருவர். கடைசியாகச் சொன்னவருக்குப் பொறியியல் தெரியாது என்று முகம் சுளிப்பவர்கள், கிணற்று நீரின் சுவை மாறுவதை முதலில் கண்டறிவது யார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

நியமனத்தைக் காட்டிலும் நீக்கம் முக்கியமானது. ஐந்தாண்டுப் பதவிக் காலம். இடையில் நீக்க வேண்டுமானால் காரணம் எழுத்தில் தரப்பட்டு, வாரியத்தின் ஒப்புதல் பெறப்பட வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போதும், மற்ற பலவற்றை அவரே பார்த்துக்கொள்வார். ஊதியத்தை ஆலைகளின் மாதக் கட்டணத்திலிருந்து கொடுப்பதற்குப் பதில், ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் வைத்து அதிலிருந்து வழங்கலாம். கங்கைத் திட்டத்தில் புதிய நிலையங்களுக்குக் கட்டுமானச் செலவின் 40 சதவீதத்தை முதலிலும், எஞ்சிய 60 சதவீதத்தைப் பதினைந்து ஆண்டுகளில் நிலையத்தின் செயல்பாட்டைப் பொறுத்தும் தருகிறார்கள். நம் வட்டாரத்து மானியத்தையும் அவ்வாறு நீட்டித்துக் கொடுத்தால், நல்ல தலைவர் ஒருவர் இருப்பது உரிமையாளர்களின் சொந்த ஆதாயமாகவும் ஆகிவிடும்.

உரிமையாளர்களின் அச்சத்தை நான் புறக்கணிக்கவில்லை. இங்கே பெரிய ஏற்றுமதி நிறுவனங்களோடு, பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் சிறிய ஆலைகளும் உண்டு. அவர்களுடைய இணைப்பு மூன்று நாள் மூடப்பட்டால், ஊறிக்கொண்டிருக்கும் தோல் அழுகிவிடும். அந்த மாதத்துக் கூலியும் போய்விடும். வெளியிலிருந்து வந்த ஒருவர் சட்டென்று அத்தகைய முடிவை எடுப்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆதலால் எந்த அளவைத் தாண்டினால் இணைப்பு மூடப்படும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூடிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மறு ஆய்வுக்கு வழி வேண்டும். ஆனால் முதலில் மூடல், பின்பு முறையீடு என்ற வரிசை மாறக் கூடாது. தோல் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் இப்போது பதனிடும் ஆலையின் சுற்றுச்சூழல் தணிக்கையைக் கேட்கின்றன. பொது நிலையத்தின் பெயர் கெட்டால், ஒழுங்காக நடக்கும் ஆலையின் ஆணையும் கைநழுவும்.

2025 ஜனவரி 30 அன்று, ராணிப்பேட்டை விபத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இதே பாலாற்று வட்டாரம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டை வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது; ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது; வழக்கை முடித்துவிடாமல் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1996-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் பேச வேண்டியிருந்திருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில், பேர்ணாம்பட்டு வேலூரிலேயே. ஒரே ஆற்றின் கரையில் மூன்று ஆட்சியர் அலுவலகங்கள். எனவே நியமன விதிகளை நிலையத்துக்கு நிலையம் விட்டுவிடாமல், நீதிமன்றம் பணித்த குழுவின் பரிந்துரையாகவோ வாரியத்தின் இசைவாணை நிபந்தனையாகவோ மூன்று மாவட்டங்களுக்கும் ஒன்றாகவே கொண்டுவரலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இசைவாணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

அந்தப் பத்தியின் நகல் நிலையத்தின் வாயிலிலும் ஒவ்வோர் ஆலையின் குழாய் இணைப்பருகிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தமிழில் மட்டுமன்றி, அங்கே இரவுப் பணி பார்ப்பவர்கள் படிக்கும் வங்காளத்திலும் இந்தியிலும். எந்தத் தொட்டியில் எந்தக் கோடு வரை கசடு நிற்கலாம், கோட்டைத் தாண்டினால் எந்த வால்வை அடைக்க வேண்டும், அடைத்த பிறகு எந்தத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அதன் கீழே, பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட ஒருவரின் பெயரும்.